நுகம் காணாத குட்டை மாடுகள்

முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் சுவிட்சர்லாந்தாக இருந்திருக்கலாம். பச்சைப் புல்வெளி, மணி கட்டிய பசு, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. எனக்கு வாய்த்தது யாங்கோன், அதாவது பழைய ரங்கூன். அதுவும் மழை பிடிக்கப் போகிற மே மாதத்தில், தம்பி வளர்க்கும் மாடுகளுக்குப் பூர்வீகம் தேடி.

தம்பி அருள்ராஜ் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு மாடுகள் வைத்திருக்கிறான். எல்லாம் குட்டை. வளர்ந்த காளையே என் இடுப்பைத் தாண்டாது. கட்டைக் கால், உருண்ட தொடை, போட்ட தீனியெல்லாம் சதையாகிற உடம்பு. "நான் கறி மாடு வளர்க்குறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். பதினெட்டு வருடத்தில் ஒன்றைக்கூட அவன் கறிக்குக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியைச் சந்தைக் கடையில் வாங்குவான். வீட்டு மாடு வயதாகிச் செத்தால் குழி வெட்டிப் புதைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டான்.

இப்போது அவனுக்கு முழங்கால் போய்விட்டது. திருப்பூரில் இருக்கும் மகன் ஒரு கறி வியாபாரியிடம் மொத்த மந்தைக்கும் பேசி முடித்துவிட்டான். தப்ப ஒரே ஒரு வழிதான். இவை தனி இனம் என்று அங்கீகாரம் கிடைத்தால், அரசுப் பண்ணை ஒன்று மந்தையை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதற்கான விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று, 'தோற்றமும் வரலாறும்' என்ற பத்தியைத் தவிர. அதன் அடியில் ஒரு கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மருத்துவர் நான்தான்.

அதிகாரி ஒருவர் தம்பிக்கு யோசனை சொல்லியிருக்கிறார். "ராஜ பரம்பரைன்னு ஏதாச்சும் இருந்தா எழுதுங்க. வெறும் கசாப்பு மாட்டுக்கு அங்கீகாரம் கேட்டா மேல சிரிப்பாங்க." அதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு ராஜா இருக்கிறார். பால் கறக்காத மாட்டுக்கு இரண்டு ராஜா. தம்பியும் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: 'ரங்கூன் அரண்மனையில் வளர்க்கப்பட்டு, துறைமுகக் குமாஸ்தா சவரிமுத்து அவர்களுக்குப் பரிசாக வழங்கப்பட்டவை.' சவரிமுத்து எங்கள் தாத்தா. ரங்கூனில் ஏதடா அரண்மனை, ராஜா இருந்தது மாண்டலேயில் அல்லவா என்றேன்.

"அதைத்தான்க்கா நீ போய்ப் பாத்துட்டு வரணும்" என்றான்.

உண்மை தெரிந்தால் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் பென்சிலோடு போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் திரும்பும் வாரம்தான் அங்கீகாரம் தரும் குழு கூடுகிறது.

விமான நிலையத்துக்கு ரோஸி வந்திருந்தாள். தாத்தாவின் தம்பி யாங்கோனிலேயே தங்கிவிட்டவர். அவருடைய பேரன் அந்தோணி எனக்கு அண்ணன் முறை. அவர் மகள்தான் ரோஸி, போன் கடையில் வேலை பார்க்கிறாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, தோளில் துணிப்பை. நான் சொல்லும் தமிழெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் மட்டும் பர்மியத்தில் வருகிறது. டாக்ஸியில் ஏறும்வரை இரண்டு பேரும் சிரித்தே சமாளித்தோம்.

மரியாதைக்காக என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தாள். அந்த மரியாதையில் ஒரு வில்லங்கம். அங்கே சாலையில் வலப்பக்கம் போகிறார்கள், காரின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகிற லாரியை முந்தவேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். ஓட்டுநர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் வணக்கம் சொல்கிறாரோ என்று தலையை ஆட்டினேன். அவர் முந்தினார். எதிரே ஒரு பேருந்து வந்தது. பின்னால் ரோஸி போட்ட கூச்சல் எந்த மொழியிலும் புரிந்திருக்கும். அதன் பிறகு அவர்கள் வீடு இருக்கும் தாகேதா போய்ச் சேரும்வரை ஓட்டுநர் யாரையும் முந்தவில்லை.

அந்தோணி அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. நகராட்சியில் லாரி ஓட்டியவர். இடுப்பில் கட்டம் போட்ட லோன்ஜி, வாய் நிறைய வெற்றிலை. மரவீட்டின் வாசலில் நின்று, "வா தங்கச்சி, கப்பல்ல வந்தவுக பேத்தி காத்துல பறந்து வந்திருக்க" என்றார். உட்கார்ந்ததும் நான் விண்ணப்பத்தை எடுத்துவிட்டேன். முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மொதல்ல சாப்புடு. தாத்தா எங்கயும் ஓடிப்போக மாட்டாக, செத்து எம்புட்டோ காலமாச்சு."

சாப்பிடவும் முடியவில்லை. கரண்ட் வந்துவிட்டது. அந்த ஊரில் கரண்ட் போவது செய்தி இல்லை, வருவதுதான் செய்தி. தெரு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் சத்தம். ரோஸி அரிசிக் குக்கரைப் போட, அண்ணன் தண்ணீர் மோட்டாரைப் போட, என் கையிலிருந்த போனைக்கூட யாரோ பிடுங்கி சார்ஜில் போட்டார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால்தான் இவ்வளவு ஓட்டம் ஓடுவோம்.

மறுநாள் காலை, தாத்தா வேலை பார்த்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அண்ணன் போட்டாதாங்குக்குக் கூட்டிப்போனார், ரோஸியும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஆற்றங்கரை, கிடங்குகள், மூட்டை இறங்கும் படகுகள். ஓரமாக உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ், உள்ளே வாழைத்தண்டு. வாழைத்தண்டை நாங்கள் சிறுநீரகக் கல்லுக்கு மருந்தாகத்தான் சாப்பிடுகிறோம். இவர்கள் மீனோடு சேர்த்து அதற்கு ஒரு நல்ல வாழ்க்கை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சென்னை பாரிமுனையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போடும் அத்தோவைத் தின்றுவிட்டு பர்மாச் சாப்பாடு தெரியும் என்று நினைத்திருந்த என் தலைக்கனம் இரண்டாவது கிண்ணத்தோடு இறங்கியது.

"இந்தக் கரையிலதான் ரெண்டு தாத்தாவும் எறங்குனாக" என்று அண்ணன் கையை நீட்டிக் காட்டினார்.

"எந்த ஆபீஸ்ல அண்ணே குமாஸ்தா வேலை?"

"மழை வரும்போல இருக்கு. வா, டீ குடிப்போம்."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. டீக்கடையில் எனக்குப் பின்னால் ஒரு ஆள் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்பினார். அறுபத்திரண்டு வயதில் இது என்ன சோதனை என்று திரும்பி முறைத்தேன். பரிமாறுகிறவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ரோஸி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் நானே அப்படி டீ வரவழைத்தேன், ஊரில் போய்ச் செய்துவிடக் கூடாது.

டீ முடிந்தும் அண்ணன் விஷயத்துக்கு வரவில்லை. கிடங்குக்குக் கிடங்கு காட்டினார், படகுக்குப் படகு பெயர் சொன்னார். மாடு என்று நான் ஆரம்பித்தால் மீன் விலையைப் பற்றிப் பேசினார். நான் பார்க்காத கள்ளமா. மாட்டுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டால் இப்படித்தான் வானத்தைப் பார்ப்பார்கள் எங்கள் ஊர்க்காரர்களும்.

வீட்டுக்குத் திரும்ப, ரோஸி கைகாட்டிய பேருந்தில் ஏறினோம். நடுவில் ஒரு நிறுத்தத்தில் வெற்றிலை வாங்க அண்ணன் எட்டிக் குதித்தார். பேருந்து கிளம்பிவிட்டது. அவர் கையில் மடித்த வெற்றிலையோடு ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் பதறினேன். ரோஸி பதறவில்லை. வேறு பேருந்தில்தான் நாங்கள் ஏறியிருக்கிறோம், இது தாகேதா போகாது, க்யிம்யிண்டைங் போகிறது என்று கையைக் காட்டிப் புரிய வைத்தாள். பிறகு யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத் தமிழில் பேசினாள். அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ்.

"அத்தை. அப்பா சொல்லமாட்டாக. கறிக்கடை போவோம்."

க்யிம்யிண்டைங் சந்தை ஆற்றை ஒட்டி இருக்கிறது. மீன், காய், கருவாடு எல்லாம் முன்னால். மாட்டுக்கறிக்கடை கடைசியில், மூலையில், ஒரு நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால். பர்மியர்களில் நிறையப் பேர் மாட்டுக்கறி தொடுவதில்லை. சாமி குத்தம் என்றெல்லாம் இல்லை. வயலில் நமக்காக உழைத்த பிராணியை எப்படித் தின்பது என்ற வெட்கம்தான். கடைக்கார அம்மா முக்காடு போட்ட இஸ்லாமியப் பெண், என் வயதுதான் இருக்கும். ரோஸியைப் பார்த்ததும் சிரித்தார். அவர் சொன்னதை ரோஸி எனக்குத் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"குட்டை மாட்டு வீட்டுப் பொண்ணு வந்திருக்கு. உன் கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்து எங்க கடைக்கு மாடு வெட்டிக் குடுத்தது உங்க வீடுதான். உங்க அப்பன்தான் ஒண்ணுகூடத் தரமாட்டேங்கிறான்."

வெட்டிக் கொடுத்தது என்ற சொல்லை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். துறைமுகக் குமாஸ்தா சவரிமுத்து. எங்கள் வீட்டுக் கூடத்தில் கோட்டும் பேனாவுமாகப் படத்தில் நிற்கிறவர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பேனா எந்த ஸ்டுடியோக்காரனுடையதோ.

அரை மணி நேரத்தில் அண்ணன் அதே வழியில் வரும் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்தார். வேர்த்து ஒழுகிக்கொண்டு, கையில் இன்னும் அந்த வெற்றிலை. எங்களைத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

"உங்க வீட்டுல குமாஸ்தான்னு சொல்லி வச்சிருக்காக. யாரும் கெடுத்துராதீகன்னு ஒங்க தாத்தா கடுதாசியே போட்டாகளாம். நீ வேற சர்க்கார் காயிதத்தோட வந்து நிக்குற. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

தாத்தாவும் அவர் தம்பியும் கசாப்புத் தொழில் செய்தவர்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கக் கிராமங்களில் மாடு வாங்கப் போவார்கள். நுகம் பூட்டிய மாட்டை எந்த விவசாயியும் கொடுக்கமாட்டான். கிழடானாலும் வைத்துச் சோறு போடுவான். ஆனால் சில கன்றுகள் குட்டையாகவே நின்றுவிடும். நுகம் கழுத்தில் உட்காராது, ஜோடி சேராது, சேற்றில் இறக்கினால் வயிறு தட்டும். "இது எங்களுக்கு ஒரு நாளும் உழைச்சதில்ல, கொண்டுபோ" என்று அவற்றை மட்டும் ஓட்டிவிடுவார்கள். தாத்தாக்களுக்கு அவைதான் கிடைத்தன. வாங்கியதில் நன்றாகச் சதை பிடிப்பவற்றை வெட்டாமல் நிறுத்தி, குட்டைக்குக் குட்டை சேர்த்தார்கள். தப்பித்தவறி உயரமாக ஒன்று பிறந்தால் கிராமத்தில் ஏருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு குட்டைகளை ஓட்டிவந்தார்கள்.

நான் டீயை வைத்துவிட்டேன். கல்லூரியில் ஐந்து வருடம் மனப்பாடம் செய்த இனத்தேர்வுப் பாடம் முழுக்க அதில் இருந்தது. பெரியதை எல்லாம் விவசாயியின் நன்றி எடுத்துக்கொண்டது, சின்னது எல்லாம் கசாப்புக்காரனுக்கு மிஞ்சியது. எந்த ராஜாவும் வளர்க்கவில்லை. ஒன்றுக்கும் உதவாது என்று ஊரே கழித்துப் போட்டவைதான் சேர்ந்து ஓர் இனமாகியிருக்கின்றன. தாத்தா ஊர் திரும்பும்போது ஒரு கிடாரியையும் ஒரு காளைக்கன்றையும் கப்பலில் ஏற்றியதுகூட, அவை அவ்வளவு சின்னதாக இருந்ததால்தான் முடிந்திருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலைக் காலத்தில் கேட்ட பூர்வீகக் கதைகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த நிமிடமே விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. இதை அப்படியே எழுதினால் அதிகாரி சொன்ன மாதிரி மேலே சிரிப்பார்கள். குழு தள்ளிவிடும், திருப்பூரிலிருந்து லாரி வரும்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் தன் மாடுகளைக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் குடியிருப்பு முடிந்து ஓடைக்கரைச் சதுப்பு தொடங்கும் இடத்தில் ஒன்பது மாடுகள் நின்றன. அதே கட்டைக் கால், அதே உருண்ட தொடை, பழக்கமில்லாத ஆளைப் பார்த்ததும் தலையைச் சாய்க்கிற அதே திமிர். கடல் தாண்டி மூன்று தலைமுறையாகியும் தம்பி வீட்டுத் தொழுவத்தில் நிற்பது போலத்தான் இருந்தது.

"ஏன் அண்ணே கறிக்கடை அம்மாவுக்குக் குடுக்குறதில்ல?"

"அப்பா இருந்தவரைக்கும் அறுத்தோம். அவுக போன பொறவு எனக்குக் கை வரல. ஆனா அந்தம்மா வருசா வருசம் வந்து கேக்கும். மொகத்துக்கு நேரா இல்லேன்னு சொல்ல எனக்கு வராது, தங்கச்சி." தயங்கிவிட்டு, கொட்டகைக்குள் போய் ஒன்றை எடுத்துவந்தார். "அதான் இதச் செஞ்சேன்."

நுகத்தடி. ஆனால் பொம்மை மாதிரி இருந்தது. சாதாரண நுகத்தில் பாதிகூட இல்லை. அவரே செதுக்கியது.

கன்றுக்கு ஒரு வயது ஆனதும் இதைப் பூட்டுவாராம். பின்னால் ஒரு பழைய லாரி டயரைக் கட்டி, சதுப்பு ஓரமாக ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான் அந்த மாடு வாழ்நாளில் பார்க்கப்போகும் வேலை. ஆனால் பூட்டியது பூட்டியதுதான். நுகம் கண்ட மாட்டைக் கறிக்குக் கேட்க அந்தக் கடைக்கார அம்மாவுக்கும் வாய் வராது, கேட்டாலும் வாங்க ஆள் வராது.

"உழைச்ச மாடு ஆயிருச்சுல்ல" என்றார் அண்ணன்.

"டயர இழுத்தா உழைப்பா?"

"நான் நகராட்சியில அதத்தான் முப்பது வருசம் செஞ்சேன். எனக்குப் பென்சன் வருதே."

ஒன்பதில் கடைசியான கன்றுக்கு அன்றைக்குத்தான் முறை. அதற்கு ஜோடி இல்லாததால் ஒரு கிழட்டுப் பசுவை மறுபக்கம் பூட்டினார். அந்தப் பசு ஒவ்வொரு தடவையும் ஜோடிக்கு நின்று நின்று அலுத்துப்போனது போல, சொல்லாமலே கழுத்தை நீட்டியது. கன்று அப்படி இல்லை. மருத்துவர் இருக்கிறாரே என்று கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருட அனுபவம் மூன்று விநாடி தாங்கியது. கன்று ஒரு இழுப்பு இழுத்ததில் நான் சேற்றில் முழங்கால் போட்டு விழுந்தேன், செருப்பு ஒன்று இன்றைக்கும் அந்தச் சதுப்பில்தான் இருக்கிறது. ரோஸி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பர்மியத்தில் கன்றைத் திட்டியபடியே ஓடினாள். ஒரு சுற்று முடிந்தது. அண்ணன் நுகத்தைக் கழற்றி, கன்றின் கழுத்தைத் தடவிவிட்டார்.

"பொழச்சுக்கிட்ட, போ."

அன்று சாயங்காலம் கரண்ட் வந்த நேரத்தில், குக்கருக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். 'ஏருக்கு உதவாதவை என்று யாங்கோன் பகுதி விவசாயிகளால் ஒதுக்கப்பட்ட குட்டை மாடுகளை, கசாப்புத் தொழில் செய்த சவரிமுத்துவும் அவர் தம்பியும் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. பயன்: இறைச்சி.' கையெழுத்தும் போட்டேன். தம்பியைப் போனில் கூப்பிட்டு, எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கறிக்கடை, நுகம், டயர் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முதலில் கேட்டது கூடத்துப் படத்தைப் பற்றித்தான்.

"அப்போ தாத்தா கையில இருக்குற பேனா?"

"ஸ்டுடியோக்காரனோடதா இருக்கும்."

"குழு இத ஏத்துக்காதுல்லக்கா?"

"ஏத்துக்காதுன்னுதான் நினைக்குறேன். பொய்யை எழுதி என்னால கையெழுத்துப் போட முடியலடா. மன்னிச்சுக்க."

தூரத்தில் அவன் மாடு ஒன்று கத்துவது கேட்டது.

"அக்கா, அந்த நுகத்தடி எத்தன அடின்னு அளந்துக்கிட்டு வா."

நான் பெருமூச்சு விட்டேன். "டேய், நம்மூர் வியாபாரிக்கு நுகம் பூட்டுன மாடும் ஒண்ணுதான், பூட்டாத மாடும் ஒண்ணுதான். லாரியை நிறுத்தி நுகம் பூட்டுனியான்னு எவனும் கேக்கமாட்டான்."

"வியாபாரிக்கு இல்லக்கா" என்றான் தம்பி. "பூட்டிட்டா என்னால ஏத்திவிட முடியாதுல்ல. எனக்குத்தான்."

அந்தோணி அண்ணன் ஒரு சணல் கயிற்றை எடுத்து நுகத்தின் மேல் நீட்டி வைத்தார். நுகம் முடியும் இரண்டு இடத்திலும் ரோஸி முடிச்சுப் போட்டாள். அதைச் சுருட்டி விண்ணப்பத்தோடு பையில் வைத்துக்கொண்டேன்.